நெட்வொர்க் அனுப்பும் நிகழ்ச்சி: அப்படியே போடுவதா, தள்ளிப்போடுவதா, மறுப்பதா, பக்கத்து நிலையத்துக்கு விடுவதா?

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் "செவ்வாய் இரவு 8 மணிக்கு என்பிசியில் வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்பிசி ஒரு நெட்வொர்க், அதாவது நாடு முழுவதும் உள்ள நிலையங்களுக்கு ஒரே நிகழ்ச்சியை அனுப்பும் நிறுவனம். நியூயார்க்கில் இருந்தவருக்கு அது சரி. சிகாகோக்காரருக்கு அப்போது மணி 7. லாஸ் ஏஞ்சலஸில் அதே நிகழ்ச்சி மூன்று மணி நேரம் கழித்து வந்தது. இன்னும் சில ஊர்களில் வாரக் கடைசியில், யாரும் எதிர்பாராத ஒரு மதிய வேளையில் வந்தது. சில ஊர்களில் வரவே இல்லை. கடைசி இரண்டுக்கும் காரணம் கடிகாரம் கிடையாது. அந்தந்த ஊர் நிலையத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் போடும் பொறுப்பில் இருந்தவர் எடுத்த முடிவு.

டிவி கைடு வார இதழ் 1953 ஏப்ரலில் நாடு தழுவிய இதழாக வெளிவரத் தொடங்கியபோதே ஊருக்கு ஒரு பதிப்பாகத்தான் வந்தது. ஒரே வாரத்தின் இரண்டு ஊர்ப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். அட்டைப்படம் ஒன்றுதான். உள்ளே புரட்டினால் இரண்டு வேறு நாடுகளின் பட்டியல் போல இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் வளர்ந்த கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: அந்தப் பொறுப்பாளர் முன் இருந்த வழிகளில் எது நல்ல வழி?

முதலில், அவருக்கு ஏன் தேர்வு இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெட்வொர்க்குகளுக்கு என்று சொந்தமாக இருந்த நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒளிபரப்புக்கு உரிமம் தரும் அரசு ஆணையமான எஃப்சிசி 1954இல் வகுத்த வரம்பின்படி அப்போது ஒரு நிறுவனம் மொத்தம் 7 தொலைக்காட்சி நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 2 முதல் 13 வரையான விஎச்எஃப் சேனல்கள் 5க்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் எல்லாம் வேறு முதலாளிகளின் நிலையங்கள். நெட்வொர்க்கோடு அவற்றுக்கு இருந்தது ஒப்பந்த உறவு. வானொலிக் காலத்திலேயே, 1941இல், எஃப்சிசி ஒரு விதி போட்டது. தன் ஊருக்குப் பொருந்தாது என்று நிலையம் நினைக்கும் நிகழ்ச்சியை மறுக்கவோ, அதைவிட முக்கியமான ஒன்றை அந்த நேரத்தில் போடவோ நிலையத்துக்கு இருக்கும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். என்பிசி வழக்குப் போட்டது. 1943இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது. அதே விதி தொலைக்காட்சிக்கும் வந்தது. உரிமம் பெற்றவர் உள்ளூர்க்காரர் என்பதால் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

நெட்வொர்க் கேட்கும் நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பதை அந்தத் தொழிலில் ‘கிளியர்’ செய்வது என்பார்கள். கிளியர் செய்தால் பணம் வரும். எதிர்த்திசையில் இல்லை: அந்தக் காலத்தில் நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. பிற்காலத்தில்தான் அது தலைகீழானது.

ஊரில் எத்தனை நிலையம்?

நான்கு வழிகளையும் ஒப்பிடும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் செய்யும் எந்த ஒப்பீடும் சரிப்படாது என்பது என் எண்ணம்.

1948 செப்டம்பரில் எஃப்சிசி புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்திவைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் நாடு முழுவதற்கும் பங்கிட ஆறு மாதம் போதும் என்று நினைத்தார்கள். 1952 ஏப்ரல் வரை இழுத்தது. அந்த மூன்றரை ஆண்டுகளில் நாடு முழுவதும் இருந்தவை 108 நிலையங்கள்தான். பெரிய நகரங்கள் சிலவற்றுக்கும்கூட ஒற்றை நிலையம்.

பிட்ஸ்பர்க் அப்படிப்பட்ட நகரம். எஃகு ஆலைகளின் ஊர். 1949 ஜனவரியில் டபிள்யூடிடிவி அங்கே தொடங்கியது. டூமாண்ட் என்ற நான்காவது நெட்வொர்க்குக்குச் சொந்தமானது. விஎச்எஃபில் இரண்டாவது வணிக நிலையம் அந்த நகரத்துக்கு வர 1957 ஆயிற்று. 1950களின் தொடக்கத்தில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, டூமாண்ட் நான்கு நெட்வொர்க்குகளும் அந்த ஒரே வாசலில் வரிசையில் நின்றன. 1952இல் செவ்வாய் இரவு 8 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். என்பிசியில் மில்டன் பெர்ல், நாடே பார்க்கும் நகைச்சுவைக்காரர். அதே நேரத்தில் டூமாண்டில் ஆயர் ஃபுல்டன் ஷீன், கரும்பலகை முன் நின்று பேசுகிற கத்தோலிக்கப் பாதிரியார், அவருக்கும் பெருங்கூட்டம். பிட்ஸ்பர்க்கில் அந்த மணிக்கு ஒருவரைத்தான் போட முடியும். மற்றவரைப் படச்சுருளாக வரவழைத்து வேறு நேரத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊர் அவரைப் பார்க்காது.

அந்த நிலையத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நள்ளிரவில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஆலைத் தொழிலாளர்களுக்காக இரவு 1 மணியிலிருந்து காலை 7 மணி வரை ‘ஸ்விங் ஷிஃப்ட் தியேட்டர்’ என்று திரைப்படங்கள் போட்டார்கள். நாட்டின் மற்ற நிலையங்கள் பெரும்பாலும் கொடிப்பாட்டோடு தூங்கப் போய்விடும் நேரம் அது. நியூயார்க்கில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் போடுகிறவருக்கு இந்த யோசனை வந்திருக்கவே முடியாது. உள்ளூர் நிலையத்துக்குத் தேர்வு இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

லூயிவில் நகருக்கு மூன்றாவது நிலையம் வந்தது 1961இல். அதுவரை ஏபிசிக்கு அங்கே சொந்த வாசல் இல்லை. இரண்டு நிலையம் உள்ள ஊரில் தள்ளிப்போடுவதும், மூன்று நிலையம் உள்ள ஊரில் தள்ளிப்போடுவதும் பெயரளவில் ஒன்றுதான். முன்னதில் வேறு வழியில்லை. பின்னதில் ஒரு கணக்கு இருக்கிறது.

வருகிற நேரத்தில் அப்படியே போடுவது

இது எளிய வழி, பல வேளைகளில் சரியான வழியும்கூட. நிகழ்ச்சிக்கு நிலையம் ஒரு காசு செலவழிக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் தரும் பங்கு வந்து சேரும். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி நிலையத்தினுடையது. நாடே பார்க்கும் தொடருக்கு முன்னாலும் பின்னாலும் வரும் அந்தச் சில நொடிகளுக்கு ஊரில் உள்ள கார் வியாபாரியும் ஜவுளிக்கடைக்காரரும் நல்ல விலை கொடுப்பார்கள். "நாளை இரவு 8 மணிக்கு" என்று நெட்வொர்க் செய்யும் விளம்பரமும் பத்திரிகைப் பட்டியலும் நிலையத்தின் நேரமும் ஒத்துப்போகும்.

மத்திய நேர மண்டலத்துக்கு இதில் ஒரு தனி வசதி. கிழக்கில் 8 முதல் 11 வரை ஓடும் இரவு நிகழ்ச்சிகள் அங்கே 7 முதல் 10 வரை. பத்து மணிக்கு உள்ளூர்ச் செய்தி, பத்தரைக்குப் படுக்கை. விடிந்தும் விடியாமலும் எழுந்து வேலைக்குப் போகிற ஊர்களுக்கு அது பொருந்தியது. கிழக்கிலோ உள்ளூர்ச் செய்தியே 11 மணிக்குத்தான்.

நேரலையை மறந்துவிடக் கூடாது. 1963 நவம்பர் 24, ஞாயிறு. டல்லஸ் காவல் நிலையத்தின் அடித்தளத்தில், குடியரசுத் தலைவர் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை அழைத்து வருகிறார்கள். என்பிசி நேரலையில் இருந்தபோதே அவர் சுடப்பட்டார். நெட்வொர்க் இணைப்பை அந்த நிமிடம் திறந்து வைத்திருந்த ஊர்கள் அதைக் கண்ணெதிரே பார்த்தன. டேப்பில் பிடித்துப் பிறகு போடுகிற எந்த ஏற்பாட்டாலும் இதைத் தர முடியாது.

இந்த வழியின் குறை, ஊருக்கென்று ஒரு பழக்கம் இருந்தால் அதை நெட்வொர்க்கின் கடிகாரத்துக்குக் கீழே வைக்க வேண்டியிருப்பது. ஆனால் நிலையங்கள் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நெட்வொர்க்கும் வளைந்தது. ஜானி கார்சன் 1962 அக்டோபரில் என்பிசியின் ‘டுநைட்’ என்ற இரவுப் பேச்சு நிகழ்ச்சியை நடத்த வந்தபோது அது இரவு 11.15க்குத் தொடங்கியது. 11 மணிக்கு 15 நிமிட உள்ளூர்ச் செய்தி, பிறகு கார்சன் என்பது ஏற்பாடு. செய்தியால் வருமானம் கூடவே நிலையங்கள் ஒவ்வொன்றாக அதை அரை மணி நேரமாக நீட்டின, 11.30க்குத்தான் கார்சனோடு இணைந்தன. அவர் தொடக்கத்தில் நின்று பேசும் நகைச்சுவை உரை அந்த ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 1965இல் கார்சன் முதல் கால் மணி நேரத்துக்கு வர மறுத்துவிட்டார். அறிவிப்பாளர் எட் மெக்மேனும் இசைக்குழுவின் ஸ்கிட்ச் ஹெண்டர்சனும் அந்த 15 நிமிடத்தை ஓட்டினார்கள். 1967 ஜனவரியில் அந்தக் கால் மணி நேரமே எடுக்கப்பட்டது. அமெரிக்க இரவுப் பேச்சு நிகழ்ச்சி என்றாலே 11.30 என்று பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு நெட்வொர்க் வகுத்த திட்டம் காரணமில்லை. ஊர் ஊராக உள்ளூர்ச் செய்தி 15 நிமிடம் நீண்டதுதான்.

தள்ளிப்போடுவது

இந்த வழியைத்தான் நான் அதிக நேரம் யோசித்திருக்கிறேன். பார்வைக்கு இது எல்லாரையும் திருப்திப்படுத்துவது போலத் தோன்றும்: நெட்வொர்க் நிகழ்ச்சியையும் விடவில்லை, நமக்கு வேண்டிய நேரமும் கையில் இருக்கிறது. ஆனால் யார் எதை இழக்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது.

தொடக்கத்தில் இருந்தது கினஸ்கோப். நியூயார்க்கில் ஒரு திரையில் ஓடும் நிகழ்ச்சியை அதன் முன் வைத்த 16 மில்லிமீட்டர் கேமராவால் படம் பிடித்து, கழுவி, தபாலில் அனுப்புவார்கள். ஒரு நிலையம் போட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். முகங்கள் சாம்பல் பூசியது போலிருக்கும், ஓரங்கள் மங்கும். 1951 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானிய அமைதி மாநாட்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆற்றிய உரையோடு கரைக்குக் கரை நேரடி இணைப்பு திறந்தது. அதன் பிறகும் மேற்குக் கரைக்கு மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தது. கிழக்கின் 8 மணி நிகழ்ச்சி லாஸ் ஏஞ்சலஸில் மாலை 5க்கு வந்து இறங்கும். அதைப் படம் பிடித்து, அவசர அவசரமாகக் கழுவி, ஈரம் காய்ந்தும் காயாமலும் 8 மணிக்கு ஓட்டுவார்கள். சூடான கினஸ்கோப் என்றே அதற்குப் பெயர். ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடரை 1951இல் 35 மில்லிமீட்டர் திரைப்படமாகவே எடுத்ததற்கு இந்த மங்கல் ஒரு நேரடிக் காரணம். அதில் நடித்த லூசில் பாலும் டெசி ஆர்னாசும் ஹாலிவுட்டை விட்டு வர விரும்பவில்லை. ஸ்பான்சருக்கோ கிழக்கு நகரங்கள் மங்கல் படம் பார்ப்பது பிடிக்கவில்லை.

1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் இயந்திரத்தைக் காட்டியது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சிபிஎஸ் தன் மாலைச் செய்தியை ஹாலிவுட்டில் டேப்பில் பிடித்து மூன்று மணி நேரம் கழித்து மேற்குக்கு ஒளிபரப்பியது. நாடு முழுவதும் சென்ற ஒளிபரப்பில் டேப் தொழிலுக்கு வந்த நாள் அதுதான்.

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டேப்பின் அகலம் 2 அங்குலம். நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நான்கு தலைகள் பொருத்திய ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று குறுக்காகப் பதியும். இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 50,000 டாலர். ஒரு மணி நேரச் சுருள் 300 டாலர் அளவில். அது சட்டென்று ஓடி நிலைக்காது. திரையில் படம் வர வேண்டிய நொடிக்குச் சில நொடிகள் முன்பே ஓடவிட்டு, படம் ஆடாமல் நிற்கும் தருணத்தில் இணைக்க வேண்டும். கவனம் ஒரு கணம் தவறினால் ஊர் முழுக்கத் திரை கிழிந்தது போல உருளும்.

சிறிய நிலையத்தில் இரண்டு இயந்திரம் இருந்தால் பெரிய விஷயம். ஒன்றில் நெட்வொர்க் நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் அது வேறு வேலைக்கு உதவாது. உள்ளூர் விளம்பரங்கள், ஊர்ச் செய்திக்கான பதிவு எல்லாம் மிச்சம் உள்ள ஒன்றில்தான். பிடித்ததை மூன்று நாள் கழித்துப் போடும்போது வேறொரு தொல்லை வரும். நிகழ்ச்சியின் முடிவில் "இன்றிரவு அடுத்ததாக" என்று ஓர் அறிவிப்பு ஒலிக்கும். அடுத்து வருவதோ வேறு நிகழ்ச்சி. அதை வெட்ட வேண்டும் அல்லது குரலை அடக்கி நிலையத்தின் அட்டையைக் காட்ட வேண்டும். பலர் வெட்டவில்லை. பார்த்தவர் குழம்பினார்.

தள்ளிப்போடுவது உண்மையிலேயே உதவிய இடங்கள் உண்டு. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சிகள் வழக்கமாக வரத் தொடங்கும் வரை படச்சுருளும் டேப்பும் விமானத்தில்தான் போயின. தாமதம் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும். அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. பகல் நேர நெடுந்தொடர்களும் தாமதத்தைத் தாங்கின. இன்று வந்த அத்தியாயத்தை நாளைக் காலை போடுகிற நிலையங்கள் இருந்தன. தினமும் அதே நேரத்தில் போட்டால் பார்ப்பவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கதை ஒரு நாள் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நான் ஏற்க மாட்டாதது, ஊரில் எல்லா நெட்வொர்க்குக்கும் இடம் கிடைத்த பிறகு நடந்த தள்ளிப்போடல். ஈரானில் பிணைக்கைதிகள் பிடிபட்டதையடுத்து 1979 நவம்பரில் ஏபிசி இரவு 11.30க்குத் தொடங்கிய சிறப்புச் செய்தி, 1980 மார்ச்சில் ‘நைட்லைன்’ ஆனது. அன்றைய நிகழ்வை அன்றிரவே அலசுவதுதான் அதன் உயிர். பல நிலையங்கள் 11.30க்குப் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் போட்டுவிட்டு, நைட்லைனை நடத்திய டெட் காப்பலை நள்ளிரவுக்குத் தள்ளின. பழைய தொடரில் விளம்பர நிமிடங்கள் பெரும்பாலும் நிலையத்துக்கே. நெட்வொர்க் நிகழ்ச்சியில் கிடைப்பது சில நிமிடங்கள். கணக்கு எனக்குப் புரிகிறது. அதனால்தான் எரிச்சலாகவும் இருக்கிறது. 1993 ஆகஸ்டில் டேவிட் லெட்டர்மன் தன் இரவுப் பேச்சு நிகழ்ச்சியோடு சிபிஎஸ்ஸுக்கு வந்தபோதும் இதேதான். பல சிபிஎஸ் நிலையங்கள் அந்த அரை மணி நேரத்தை ஏற்கெனவே வேறு நிகழ்ச்சிகளுக்கு விற்றிருந்ததால் அவரைத் தாமதமாகவே போட்டன. காலையில் வேலைக்குப் போகிறவருக்கு நள்ளிரவு என்பது மறுப்புக்குச் சமம். மறுப்பு என்று சொல்லாமல் செய்யும் மறுப்பு.

மறுப்பது

மறுப்புக்கு நல்ல முகமும் உண்டு, அசிங்கமான முகமும் உண்டு.

வட கரோலினாவில் 1950களின் இறுதியிலிருந்து சி.டி. செஸ்லி என்ற தயாரிப்பாளர் அட்லாண்டிக் கடலோரக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டங்களை அந்த வட்டார நிலையங்களுக்குக் கொடுத்துவந்தார். ஆட்டம் இருந்தால் நெட்வொர்க் நிகழ்ச்சிக்கு விடுமுறை. அந்த ஊர்களில் யாரும் இதை இழப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். நாட்டின் மற்ற பகுதிகளுக்கு ஒன்றுமில்லாத ஆட்டம், அவர்களுக்கு ஊரே பேசுகிற ஆட்டம். மறுக்கும் உரிமையை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

பணத்துக்காக மறுப்பது வேறு. ‘தி எட்ஜ் ஆஃப் நைட்’ என்ற துப்பறியும் நெடுந்தொடர் 1956இலிருந்து சிபிஎஸ்ஸில் ஓடி, 1975 டிசம்பரில் ஏபிசிக்கு மாறி மாலை 4 மணிக்கு வந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் அந்த நேரத்தை உள்ளூர் நிலையங்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவே விரும்பின. மறுஒளிபரப்புத் தொடர்கள், பேச்சு நிகழ்ச்சிகள் எல்லாம் அங்கே நன்றாக விலைபோயின. ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் தொடரை விட்டன, அல்லது காலை நேரத்துக்குத் தள்ளின. பார்க்க விரும்பியவர்களுக்கே அது எட்டாமல் போனது. எட்டாததால் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி இன்னும் சில நிலையங்கள் விட்டன. 1984 டிசம்பரில் நின்றுபோனது. நல்ல தொடர் ஒன்று எழுத்தில் குறை இல்லாமல், பட்டியலில் மூச்சுத் திணறிச் செத்த கதை அது.

இனி ஜாக்சன், மிசிசிப்பி. இதைச் சொல்லாமல் உள்ளூர் உரிமையைப் பாராட்டுவது நேர்மையாக இருக்காது. டபிள்யூஎல்பிடி அங்கே என்பிசி நிலையம். 1955இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்பிசி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது, ஜாக்சனில் திரை மாறி "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்ற அட்டை வந்தது. கோளாறு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலுக்கு என்பிசி தனி நிகழ்ச்சி கொடுத்தபோது தென்மாநில நிலையங்கள் பல அதை எடுக்கவில்லை. நாடு தழுவிய ஸ்பான்சர் ஒருவரும் முன்வராமல் 1957 டிசம்பரில் அது முடிந்தது.

ஜாக்சன் மக்கள் விடவில்லை. ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகம் அங்கே ஒளிபரப்பைக் கண்காணித்துக் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்து, 1964இல் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று எஃப்சிசியிடம் மனுக் கொடுத்தது. பார்வையாளர்களுக்கு இதில் வழக்காட உரிமை இல்லை என்று எஃப்சிசி சொன்னது. உரிமை உண்டு என்று 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் பின்னாளில் தலைமை நீதிபதியான வாரன் பர்கர். 1969இல் அதே நீதிமன்றம் அந்த உரிமத்தையே செல்லாததாக்கியது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் பட்டியலில் பங்கு உண்டு என்று அமெரிக்கச் சட்டம் ஒத்துக்கொண்டது இந்த வழக்கில்தான்.

பிட்ஸ்பர்க் ஆலைத் தொழிலாளிக்கு இரவு 1 மணிக்குப் படம் போட வைத்ததும், ஜாக்சனில் பொய் அட்டையைக் காட்ட வைத்ததும் ஒரே அதிகாரம். ஆகவே உரிமை இருக்க வேண்டுமா என்று கேட்பதில் பயனில்லை. மறைத்ததை ஊர் வேறெங்கே பார்க்கும் என்று கேட்க வேண்டும். மறைக்கப்பட்டதே தெரியாதவர் எங்கேயும் தேடமாட்டார். என் ஒப்பீட்டில் ஜாக்சன் செய்தது ஒரு வழியாகவே சேர்த்தி இல்லை.

பக்கத்து நிலையத்துக்கு விட்டுக்கொடுப்பது

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. யூஎச்எஃப் நிலையங்கள், அதாவது 13க்கு மேற்பட்ட சேனல் எண்களில் வருபவை, ஊர் ஊராகப் பெருகிய பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது. 1964 ஏப்ரலுக்குப் பின் தயாரான எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டியும் யூஎச்எஃப் சேனல்களையும் பிடிக்க வேண்டும் என்று 1962 சட்டம் சொல்லியிருந்தது. அதன் பலன் பழுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

1993 செப்டம்பரில் ஏபிசி ‘என்ஒய்பிடி ப்ளூ’ என்ற காவல்துறைத் தொடரைத் தொடங்கியது. ஆடையற்ற காட்சிகளும் வசைச் சொற்களும் உண்டு என்று முன்பே தெரிந்ததால் 225 ஏபிசி நிலையங்களில் 57 முதல் அத்தியாயத்தைப் போடவில்லை. டல்லஸில் டபிள்யூஎஃப்ஏஏ மறுத்தது. ஆனால் அந்த நகரத்தில் தொடர் காணாமல் போகவில்லை; கேடிஎக்ஸ்ஏ என்ற வேறொரு நிலையம் எடுத்துக்கொண்டது. சால்ட் லேக் சிட்டியிலும் இப்படித்தான். மார்மன் திருச்சபைக்குச் சொந்தமான கேஎஸ்எல் 1995இல் சிபிஎஸ்ஸிலிருந்து என்பிசிக்கு மாறியபோது ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை எடுக்கவில்லை. சனி இரவில் தன் உள்ளூர் விளையாட்டு நிகழ்ச்சியையே வைத்துக்கொண்டது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ விரும்பியவர்கள் அதை வேறு சேனலில் பார்த்தார்கள்.

திருச்சபை நடத்தும் நிலையம் தன் மனச்சாட்சிப்படி நடக்கட்டும். ஊரும் தன் விருப்பப்படி பார்க்கட்டும். இரண்டும் ஒரே இரவில் நடந்த ஏற்பாடு இது ஒன்றுதான். நிலையத்துக்குப் பண நஷ்டம் உண்டு. போட்டியாளருக்கு ஒரு நிகழ்ச்சியைத் தானே தூக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் பலரும் மறுத்த நிகழ்ச்சியை யாருக்கும் கொடுக்காமல் மூட்டைகட்டி வைத்தார்கள்.

சட்டம் கொடுத்த அரை மணி நேரம்

நான்கு வழியிலும் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அதிகம் பேர் பார்க்கும் இரவு நேரத்துக்கென்று 1970இல் எஃப்சிசி கொண்டுவந்த பிரைம் டைம் விதி 1971 இலையுதிர்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. பெரிய 50 நகரங்களில் நெட்வொர்க் நிகழ்ச்சிகள் இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கிழக்கில் 7.30 முதல் 8 வரையான அரை மணி நேரம் நிலையங்களின் கைக்கு வந்தது. சொந்தமாக நிலையங்கள் வைத்திருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இதற்காக முன்னின்று வாதாடியது. ஊர்க்காரர்கள் ஊர் நிகழ்ச்சிகள் எடுப்பார்கள் என்பது நம்பிக்கை. வெஸ்டிங்ஹவுஸின் சான் ஃபிரான்சிஸ்கோ நிலையம் 1976இல் ‘ஈவினிங் மேகசின்’ என்ற உள்ளூர் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அந்த நம்பிக்கைக்கு உயிர் இருந்தது. பெரும்பாலான ஊர்களிலோ அந்த அரை மணி நேரத்தை மலிவான போட்டி நிகழ்ச்சிகள் பிடித்துக்கொண்டன. 1983க்குப் பிறகு ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ ஊருக்கு ஊர் அங்கே சுழன்றது. நிலையங்கள் அந்த நேரத்தை விடவும் மறுத்தன. 1976இல் நெட்வொர்க்குகள் மாலைச் செய்தியை ஒரு மணி நேரமாக்கப் பார்த்தபோது நிலையங்கள் எதிர்த்து நின்றன, திட்டம் கைவிடப்பட்டது. 1996இல் விதியே போனது.

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்

இரவு நேரத் தொடர்களையும் நகைச்சுவைகளையும் நெட்வொர்க் நேரத்திலேயே போட்டிருப்பேன். அவற்றை வேறு கிழமைக்கு நகர்த்தி ஊருக்கு நான் சேர்த்துக் கொடுப்பது எதுவும் இல்லை. செய்தியை ஒருபோதும் தள்ளியிருக்க மாட்டேன், நைட்லைன் 11.30க்கு, செய்தி நீண்டால் 11.35க்கு. நெடுந்தொடரை நாளைக் காலைக்குத் தள்ள நேர்ந்தால், தள்ளிய நேரத்தை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்திருப்பேன். வாரத்துக்கு வாரம் இடம் மாறும் தொடரைப் பின்தொடர யாராலும் முடியாது.

ஒற்றை நிலைய ஊரில் கதை வேறு. அங்கே நான்கு நெட்வொர்க்கில் மூன்றைத் தள்ளித்தான் ஆக வேண்டும். எதைத் தள்ளுவது என்பதில் கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டேன், நிகழ்ச்சி தாமதத்தைத் தாங்குமா என்று பார்த்திருப்பேன். ஷீனின் சொற்பொழிவு நான்கு நாள் கழித்தும் அதே சொற்பொழிவுதான். பெர்லின் நகைச்சுவையைப் பற்றி மறுநாள் காலை ஆலை வாசலில் பேச வேண்டும். அது அன்றிரவே வந்தாக வேண்டும்.

ஊர் ஆட்டம், ஊர்த் தேர்தல், வெள்ளம், புயல் இவற்றுக்காக நெட்வொர்க்கை நிறுத்துவேன், மறுபேச்சில்லாமல். விளம்பர நிமிடம் அதிகம் என்பதற்காக ஒரு பழைய தொடரை வாங்கி அங்கே நுழைக்க மாட்டேன். செய்தி அறையின் சம்பளம் அந்தப் பழைய தொடரின் விளம்பரத்திலிருந்துதான் வந்தது என்று அந்தக் காலத்து மேலாளர்கள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். பல ஊர்களில் அது உண்மையும்கூட. அப்படியானால் மாலை 4 மணியிலும் 7.30இலும் சம்பாதிக்கட்டும், இரவு 11.30ஐத் தொடாமல்.

என் ஊருக்கு ஒவ்வாது என்று நானே நினைக்கும் நிகழ்ச்சி வந்தால், மறுக்கிறேன் என்று இரண்டு நாள் முன்பே திரையில் சொல்லிவிட்டு, அதன் டேப்பை அடுத்த தெரு யூஎச்எஃப் நிலையத்துக்கு அனுப்பிவைப்பேன். எந்த சேனலில், எத்தனை மணிக்கு என்பதையும் என் சேனலிலேயே அறிவிப்பேன்.